1,900 மீட்டர் ஏற்றம்: நீலகிரிக்கு ஹைப்ரிட் வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். ஊட்டி 2,240. நடுவில் ஐம்பது கிலோமீட்டரும் சொச்சமும் ரோடு. ஆக, ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் வண்டி தன்னையும் உள்ளே இருப்பவர்களையும் 1,900 மீட்டர் தூக்கிக்கொண்டு வருகிறது. ஷோரூமில் கொடுக்கும் பிரசுரத்தில் இந்த எண் இருக்காது. ஹைப்ரிட்டா, பிளக்-இன் ஹைப்ரிட்டா, எலக்ட்ரிக்கா என்று இன்று நடக்கிற வாதத்தை நீலகிரியில் இருந்துகொண்டு பேசுவதென்றால் இந்த எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் மூன்று ரகம் விற்கிறது. முதலாவது மைல்டு ஹைப்ரிட். பெல்ட்டில் ஓடும் சின்ன ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், கையளவு லித்தியம் பேட்டரி. சிக்னலில் இன்ஜினை அணைத்து எழுப்பும், கிளம்பும்போது லேசாகத் தள்ளிவிடும். மலையில் இதனால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. சாதாரண பெட்ரோல் வண்டி என்றே நினைத்து விலை பேசுங்கள். இரண்டாவது ஸ்ட்ராங் ஹைப்ரிட்: டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி இ:எச்இவி, இன்னோவா ஹைகிராஸ், அதன் மாருதி அவதாரமான இன்விக்டோ. மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டும். சார்ஜர் சொருக இடம் கிடையாது. ஹைரைடரின் பேட்டரி 0.76 யூனிட், அதாவது கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். மூன்றாவது பிளக்-இன் ஹைப்ரிட். வெளிநாட்டுச் சந்தையில் சாதாரணமாக 15 முதல் 20 யூனிட் பேட்டரி, கூடவே முழு பெட்ரோல் இன்ஜின், சார்ஜ் போட்டுக்கொள்ள சாக்கெட். ஒப்பிட்டுப் பார்க்க, நெக்ஸான் எலக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி 45 யூனிட்.

இப்போது ஏற்றம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீத சக்தியை இழக்கும். காற்று மெலிவதால் வருவது. எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டால் மோட்டாரும் இன்ஜினும் சேர்ந்து 115 பிஎஸ் (குதிரைசக்தி), இன்ஜின் மட்டும் 92. சமவெளியில் இந்தப் பிரிவினை டிரைவருக்குத் தெரியவே தெரியாது. மலையடிவாரத்துக் கல்லாரில் ஆரம்பித்து ஐந்தாறு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் சின்ன பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிடும். அதன்பின் வண்டியை இழுப்பது அந்த 92-தான். அதுவும் மேலே போகப் போக 75 பக்கம் இறங்கிவிடும். இன்ஜின் நாலாயிரம் சுற்றில் ஒரே சுருதியில் கத்தும். புதிதாக வாங்கியவர்கள் கிளட்ச் போய்விட்டதோ என்று பயப்படுவது இந்த இடத்தில்தான். வண்டியில் கிளட்சே இல்லை, பயப்பட வேண்டாம். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தாமல் 35, 40 வேகத்தில் ஒரே சீராக ஏறினால், வளைவுக்கு வளைவு வேகம் குறையும் நேரத்தில் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொள்ளும். லாரியைத் தாண்ட வேண்டும் என்றால் அந்தக் கையிருப்பு வேண்டும். பேட்டரிப் பட்டை இரண்டு கட்டத்துக்குக் கீழே இருக்கும்போது ஓவர்டேக்குக்குத் துணிவது சரியல்ல.

டர்போ பெட்ரோலுக்கு உயரம் இவ்வளவு உறைக்காது, டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளிவிடுகிறது. அதனால்தான் கோத்தகிரி ஏற்றத்தில் ஒரு லிட்டர் டர்போ, ஒன்றரை லிட்டர் சாதா இன்ஜினைச் சுலபமாக விட்டுவிட்டுப் போகும். டீசலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை; தேயிலை மூட்டை ஏற்றும் பிக்கப்புகளே சாட்சி. ஆனால் பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள பதினைந்து இருபது நிமிடம் அறுபதுக்குமேல் விடாமல் ஓட வேண்டும். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் அப்படி ஓட்ட ரோடு எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடம், மார்க்கெட், எஸ்டேட் என்று சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் டீசலில் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிவது இதனால்தான். மாதம் ஒருமுறையாவது கீழே இறக்கி அன்னூர் ரோட்டிலோ கோவை ரோட்டிலோ ஒரு நீள ஓட்டம் விடுவதுதான் மருந்து. அது முடியாதவர்கள் டீசல் வாங்காமல் இருப்பது நல்லது.

கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஹைப்ரிட்டுக்கு ஆதரவாக நான் சொல்லும் முதல் காரணம் மைலேஜ் அல்ல, இதுதான். சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். மே மாதத்துச் சனிக்கிழமை பர்லியாருக்கு மேலே ஊர்ந்து ஏறும் வரிசையில் கண்ணாடியை இறக்கினால் கருகின கிளட்ச் வாடை வரும். ஏஎம்டி என்பது மேனுவல் கிளட்சை ஒரு கருவி மிதிப்பது, அவ்வளவே. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் தேயும். டிரை கிளட்ச் டிசிடி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக், சூடாகி எச்சரிக்கை காட்டும். எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் தாங்கும், பெட்ரோலைக் குடிக்கும். டொயோட்டா வகை ஹைப்ரிட்டின் இ-சிவிடி கியர்பாக்ஸில் உரசித் தேய கிளட்சே கிடையாது. ஊர்ந்து ஏறுவது மோட்டாரின் வேலை. ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றாலும் அதற்குக் கவலை இல்லை.

இறக்கத்துக்கு வருவோம். பலருக்கும் குழப்பம் இங்கேதான். ‘இறங்கும்போது பேட்டரி தானாக நிரம்பும், ஓசி கரண்ட்’ என்று விற்பனையாளர் சொல்வார். நிரம்பும்தான், ஆனால் எவ்வளவு? ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது புவியீர்ப்பு கொடுக்கும் ஆற்றல் 8.3 யூனிட். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் மூன்று போனால் மிச்சம் ஐந்து. மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பிடிக்கும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால் மூன்றரை யூனிட் கையில் வரலாம். ஆனால் பேட்டரியே 0.76, அதிலும் பாதிக்கும் குறைவான இடைவெளியில்தான் வண்டி அதை நிரப்பி, காலி செய்து விளையாடும். அண்டா அண்டாவாக வரும் தண்ணீரை டம்ளரில் பிடிக்கிற கதை. குன்னூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இறங்க ஆரம்பித்து மூன்று நாலு கிலோமீட்டரிலேயே டம்ளர் நிறைந்துவிடும். மரப்பாலம் வரும்வரைகூடத் தாங்காது.

நிறைந்த பிறகு என்ன ஆகும்? மோட்டார் பிடித்து நிறுத்துவது நின்றுபோகும். வண்டி அதற்குப் பதிலாக இன்ஜினைச் சுழற்றி, அதன் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பார்க்கும். லீவரை ‘பி’ (ஆங்கில B; பார்க்கிங்குக்கான P அல்ல) என்ற இடத்துக்கு இழுத்தால் இதை முன்கூட்டியே செய்யும். இன்ஜின் திடீரென்று உறுமும். பெட்ரோல் எரியவில்லை, வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கிறது. சத்தத்துக்குப் பயந்து ‘டி’-க்குத் திரும்பி, பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. பேட், டிஸ்க், ஆயில் மூன்றும் கொதிக்கும். டாட்-4 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்த பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீலகிரிப் பனியில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஆகவே கையேடு எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். செலவு ஆயிரத்துச் சொச்சம். இறங்கும் முறை இது: இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே ‘பி’, வளைவுக்கு முன்னால் ஒரே அழுத்தாக பிரேக், பிறகு காலை முழுதாக எடுத்து ஆறவிடுவது. நியூட்ரலில் விடவே கூடாது. ஹைப்ரிட்டில் நியூட்ரல் போட்டால் சார்ஜும் ஏறாது, இன்ஜின் பிடிப்பும் இருக்காது. சிட்டி ஹைப்ரிட்டில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடில்களால் பிடிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இதே கணக்கு பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு வேறு மாதிரி வரும். காகிதத்தில் பார்த்தால் நீலகிரிக்கென்றே செய்த வண்டி அது. இறக்கத்தில் வரும் ஆற்றலைப் பிடிக்கப் பாத்திரம் பெரிதாக இருக்கிறது. மோட்டாருக்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் ‘எண்பது கிலோமீட்டர் மின்சாரத்திலேயே போகும்’ என்ற வாக்குறுதி மலையில் எடுபடாது. 18 யூனிட் பேட்டரி உள்ள பிளக்-இன் வண்டி ஆட்கள், லக்கேஜோடு 2,250 கிலோ என்று வையுங்கள். 1,900 மீட்டர் தூக்கவே 11.6 யூனிட். டயர் உராய்வுக்கு 3.8. காற்று, ஹீட்டர், விளக்கு எல்லாம் சேர்ந்து ஒன்று. மோட்டார், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 18 யூனிட்டுக்கு மேல் போக வேண்டும். 18 யூனிட் பேட்டரியில் வண்டி உங்களைத் தொடவிடுவது 15 பக்கம்தான். மேட்டுப்பாளையத்தில் முழு சார்ஜோடு ஆரம்பித்தால் குன்னூர், வெலிங்டன் பக்கம் வந்து தீர்ந்துவிடும். கோவையிலிருந்தே மின்சாரத்தில் வந்தால் சமவெளியே ஆறு யூனிட்டைத் தின்றுவிடும். பர்லியாரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் எழுந்திருக்கும். அதுவும் குளிர்ந்து கிடந்த இன்ஜின், செங்குத்து ஏற்றத்தில், எடுத்த எடுப்பில் முழு பாரம். இன்ஜினுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

பிளக்-இன் வண்டியோடு மலையேறுபவர்கள் செய்ய வேண்டியது இது. கோவை நெரிசலில் மின்சாரம். மேட்டுப்பாளையம் வருவதற்குப் பத்துக் கிலோமீட்டர் முன்பே ஹைப்ரிட் மோடு, இன்ஜின் சூடேறட்டும். ஏற்றம் முழுக்க இரண்டும் சேர்ந்து இழுக்கட்டும். பாரத்தில் ஓடும்போதுதான் பெட்ரோல் இன்ஜினின் திறன் நன்றாக இருக்கும். பேட்டரியில் கால் பங்கை ‘சேவ்’ பட்டனால் பத்திரமாக வைத்திருந்து, ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலில் அதைச் செலவு செய்யுங்கள். திரும்பும்போது ஊட்டியில் 75 சதவீதத்துக்குமேல் சார்ஜ் போடாதீர்கள். இறக்கத்தில் நாலு, ஐந்து யூனிட் சும்மா வருகிறது, அதற்கு இடம் வேண்டும். முழு சார்ஜோடு இறங்கினால் காசும் போச்சு, மோட்டாரே பிடித்துச் சார்ஜ் ஏற்றும் ரீஜென் பிரேக்கும் போச்சு. முழு எலக்ட்ரிக் வண்டிக்கும் இதே விதிதான். லாட்ஜில் இரவு முழுக்கச் சொருகி வைத்து நூறு சதவீதத்தோடு காலையில் கோத்தகிரி வழியே இறங்குபவர்கள், முதல் சில வளைவுகளில் வழக்கமான பிடிப்பு இல்லாமல் திடுக்கிடுவார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு சங்கடமான விஷயம்: நாம் வாங்கக்கூடிய விலையில் இங்கே பிளக்-இன் ஹைப்ரிட் இல்லை. இந்தியாவில் வந்தவை வால்வோ எக்ஸ்சி90 டி8, பிஎம்டபிள்யூ எக்ஸ்எம், போர்ஷே கயென் இ-ஹைப்ரிட், ரேஞ்ச் ரோவர் என்று கோடிக்குப் பக்கத்திலோ மேலேயோ நிற்பவை. தொழில்நுட்பம் விலை உயர்ந்தது என்பதால் அல்ல இது. சீனாவில் பிஒய்டி தன் சின் பிளஸ் டிஎம்-ஐ என்ற பிளக்-இன் செடானை 2024 பிப்ரவரியில் 79,800 யுவானுக்கு இறக்கியது. அன்றைய மதிப்பில் ஒன்பது லட்சத்துச் சொச்சம். அதே நிறுவனம் இங்கே எலக்ட்ரிக் வண்டிகளைத்தான் விற்கிறது. காரணம் வரி அமைப்பு. முழு எலக்ட்ரிக்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பிளக்-இன் வண்டி எண்பது சதவீத நாட்கள் மின்சாரத்திலேயே ஓடினாலும், சட்டத்தின் கண்ணில் அது ஹைப்ரிட். நாலு மீட்டருக்குமேல் நீளம் என்றால் 40 சதவீதம். எந்தக் கம்பெனி இரண்டு மெஷினையும் ஒரே வண்டியில் வைத்து, எட்டு மடங்கு வரியும் கட்டி விற்கும்? கோடி ரூபாய் பிளக்-இன்கள் இங்கே இன்னொரு விதத்திலும் பொருந்தாது. ஐந்து மீட்டர் நீளத்தோடு குன்னூர் பெட்ஃபோர்டில் பார்க்கிங் தேடிப் பாருங்கள், புரியும்.

2025 செப்டம்பர் 22-ல் வந்த ஜிஎஸ்டி மாற்றம் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் ஓசைப்படாமல் ஒரு அடி கொடுத்தது. முன்பு ஹைப்ரிட்டுக்கு செஸ்ஸோடு 43, பெரிய எஸ்யூவிக்கு 50. ஏழு சதவீத வித்தியாசம் ஹைப்ரிட் பக்கம். இப்போது இரண்டுக்கும் 40. சிறிய பெட்ரோலுக்கு, அதாவது 1,200 சிசிக்குள், நாலு மீட்டருக்குள் இருந்தால், 29-லிருந்து 18. ஆகவே நெக்ஸான், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, வென்யூ, ஃபிரான்க்ஸ் டர்போக்களுக்கும் ஹைப்ரிட்டுக்கும் இருந்த விலை இடைவெளி அகலமாகிவிட்டது. பட்ஜெட் பத்து பன்னிரண்டு லட்சம் என்றால் மலைக்கு என் ஓட்டு சின்ன டர்போ பெட்ரோலுக்குத்தான், ஹைப்ரிட் ஆசையை மூட்டை கட்டிவிடலாம்.

அதன் மேல் நம் மாநில சாலை வரி. விலை ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்திலிருந்து இருபது வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சக் கோட்டில் நிற்கும் வேரியண்ட்டைக் கவனியுங்கள். 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1.29 லட்சம், 10.10 லட்சம் வண்டிக்கு 1.82 லட்சம். சன்ரூஃபுக்காகப் பதினைந்தாயிரம் கூடுதல் என்று நினைத்து டிக் அடித்தால் ஆன்-ரோடில் அறுபத்தெட்டாயிரம் ஏறும். எலக்ட்ரிக் வண்டிக்குத் தமிழ்நாடு சாலை வரியில் முழு விலக்கு கொடுத்துவருகிறது. பில் போடும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைப்ரிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட், பிளக்-இன் இரண்டுக்கும் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. அந்த ஊர் விலையை இணையத்தில் பார்த்துவிட்டு ஊட்டி ஷோரூமில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எப்போது திரும்பும்? 2022 செப்டம்பரில் ஹைரைடர் வந்தபோது உச்ச வேரியண்ட்டில் ஆட்டோமேட்டிக் மைல்டு 17.09 லட்சம், ஸ்ட்ராங் ஹைப்ரிட் 18.99. வித்தியாசம் 1.90, சாலை வரி சேர்த்து 2.24 லட்சம். மலை ஓட்டத்தில் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 11, ஹைப்ரிட் 18 என்று வைப்போம். கம்பெனி சொல்லும் 27.97-ஐ மலையில் மறந்துவிடுங்கள். பெட்ரோல் 102 ரூபாய் என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சம் 3,600. மாதம் ஆயிரம் ஓட்டினால் ஐந்து வருடத்துக்குமேல் ஆகும். இரண்டாயிரம் என்றால் இரண்டரை வருடம். ரிட்டயர்ட் ஆகிக் கோத்தகிரியில் வீடு கட்டி, மாதம் ஐந்நூறு ஓட்டுகிறவருக்குப் பத்து வருடத்திலும் திரும்பாது. அவர் ஹைப்ரிட் வாங்குவது அமைதிக்கும் கிளட்ச் இல்லாத சுகத்துக்கும்தான். அதில் தப்பில்லை, ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு நேர்மாறு. ஒன்று மட்டும் கவனிக்கவும்: பேட்டரி டிக்கியில் இடம் பிடிக்கும். கிராண்ட் விட்டாராவின் சாதா வண்டியில் 373 லிட்டர், ஹைப்ரிட்டில் 265. சுற்றுலாப் பயணிகளின் நாலு சூட்கேஸ் அதில் உட்காராது.

பிராண்ட் என்று வந்தால் என் அளவுகோல் ஒன்றே ஒன்று: வண்டி நின்றுபோனால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்? ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் பிடதியில் ஒரே ஆலையில் பிறக்கிற இரட்டையர்கள். முகமும் உள்ளலங்காரமும்தான் வேறு. எது சீக்கிரம் கைக்கு வருகிறதோ, எதன் ஒர்க்‌ஷாப் பக்கத்தில் இருக்கிறதோ அதை வாங்குங்கள். ஹைகிராஸ், இன்விக்டோவுக்கும் இதேதான். ரீசேலில் இன்னோவா என்ற பெயருக்கு மலையில் தனி விலை உண்டு, அதை மறுக்க முடியாது. ஹோண்டாவின் ஹைப்ரிட் அமைப்பு எனக்கு இவற்றைவிட மென்மையாகப் படுகிறது. ஆனால் மழைக்குப் பிறகு எஸ்டேட் ரோடுகள் இருக்கிற இருப்பில் தாழ்வான செடானை யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வராது. ஹூண்டாய், கியா இரண்டும் இதை எழுதும்வரை இங்கே ஸ்ட்ராங் ஹைப்ரிட் விற்கவில்லை. அவற்றின் டர்போவும் டீசலும் நல்லவை. டாடா, மஹிந்திரா எலக்ட்ரிக்குகள் ஏற்றத்தில் பின்னியெடுக்கும். உள்ளூருக்குள் மட்டும் ஓடி, வீட்டில் சார்ஜ் வசதியும் இருந்தால் ஹைப்ரிட்டைவிட அதுவே மலிவு. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் ஆலை திறந்த வின்ஃபாஸ்ட் போன்ற புதுவரவுகளுக்கு இன்னும் கொஞ்ச காலம் கொடுக்கலாம். ஃபோர்டு 2021-ல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது எகோஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: பேட், ஃபில்டர் கிடைக்கும், ஒரு சென்சாருக்கோ கண்ட்ரோல் யூனிட்டுக்கோதான் நாய்படாத பாடு. ஹைப்ரிட்டில் அப்படிப்பட்ட பாகங்கள் இரட்டிப்பு.

பிளக்-இன்னோ எலக்ட்ரிக்கோ, வீட்டு வயரிங்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 3.3 கிலோவாட் சார்ஜர் என்றால் 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஐந்தாறு மணி நேரம் முழு பாரம் விடாமல் ஓடும். இங்குள்ள பழைய ஓட்டு வீடுகளில் அனுமதிக்கப்பட்ட லோடே ஒன்றிரண்டு கிலோவாட்தான் இருக்கும். மின்வாரியத்தில் லோடு கூட்ட விண்ணப்பம் போட வேண்டும். மீட்டரிலிருந்து சார்ஜர் வரை தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்சிபி (பாரம் மீறினால் அணையும் சுவிட்ச்), தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). எர்த்திங்தான் மலையில் பெரிய தலைவலி. பாறை மண்ணில் குழாய் இறங்காது, எதிர்ப்பு குறையாது. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். குழியில் கரியும் உப்பும் போட்டு, 5 ஓமுக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே எலக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுங்கள். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஊரெல்லாம் கீசர் ஓடும், வோல்டேஜ் படுக்கும். இரவு பதினொன்றுக்குமேல் டைமர் வையுங்கள். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப் கட்டணச் சலுகையும் பறிபோய், மேல் யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் போகும். அப்படியும் மேட்டுப்பாளையம்–ஊட்டி ஏற்றம் மின்சாரத்தில் இருநூறு ரூபாய்க்குள் முடியும்; பெட்ரோலில் ஆறரை லிட்டர் குடிக்கும்.

பராமரிப்பில் சமவெளிக்காரர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள். ஹைப்ரிட் இன்ஜின் அடிக்கடி அணைவதால் குளிரில் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. மார்கழி, தையில் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளையாக, மோர் திரிந்தது போல ஒட்டியிருக்கும். அது ஈரம். உடனே ஹெட் கேஸ்கட் போச்சு என்று யாராவது சொன்னால் கூலன்ட் அளவைப் பாருங்கள். கூலன்ட் குறையவில்லை என்றால் ஒரு நீள ஓட்டத்தில் மறைந்துவிடும். பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் கலக்கும், ஆகவே கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றம் கட்டாயம். பிளக்-இன்னில் பெட்ரோலைத் தொடாமலே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் கவனிக்க: எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவே டேங்கில் இருக்கட்டும்.

ரீஜென் பிரேக் வேலை செய்யச் செய்ய, டிஸ்க் சும்மா இருந்து துருப்பிடிக்கும். பனிக்கால முடிவில் சக்கரத்துக்குள் எட்டிப்பார்த்தால் டிஸ்க் ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும். பேட் எண்பது சதவீதம் மீதி இருக்கும், ஆனால் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் (ஊசி) இறுகியிருக்கும். வருடம் ஒருமுறை பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். ‘பேட் தேயவில்லை, திறக்கத் தேவையில்லை’ என்ற பதிலை ஏற்காதீர்கள். ஹைப்ரிட் பேட்டரிக்குக் காற்று போகும் ஜன்னல் பின் சீட் பக்கம் இருக்கும். அதன்மேல் கம்பளியையோ கேரட் மூட்டையையோ போட்டு அடைக்காதீர்கள், வடிகட்டியில் நாய் முடியும் தூசியும் சேரவிடாதீர்கள். எலி இன்னொன்று. குளிருக்கு இதமான இன்ஜின் அறை அதற்குப் பங்களா. ஆரஞ்சு நிற ஒயர் உயர் மின்னழுத்தம்; கடிபட்டிருந்தால் டேப் சுற்றுவது உயிருக்கு ஆபத்து, முழு ஒயர் கட்டையும் (ஹார்னஸ்) மாற்ற வேண்டிவரும். இன்சூரன்ஸ் எடுக்கும்போதே எலி கடியும் ஹைப்ரிட் பேட்டரியும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள். முன்சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் தயாரிக்க ஆரம்பித்துவிடும்; முன்சக்கரத்தைத் தூக்கியோ பிளாட்பெட்டில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

பழைய ஹைப்ரிட் வாங்குபவர்கள் டெஸ்ட் டிரைவை ஏற்றத்தில் வையுங்கள். வெலிங்டனிலிருந்து ஊட்டி வரை நாலு பேரோடு ஏறி, பேட்டரிப் பட்டை இறங்கும் வேகத்தையும் திரும்ப ஏறும் வேகத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாகச் சட்சட்டென்று தாவினால் செல்கள் சோர்ந்திருக்கின்றன. பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, பேட்டரி விசிறி இடைவிடாமல் இரைகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஹைரைடர், கிராண்ட் விட்டாராவுக்கு ஹைப்ரிட் பேட்டரி வாரண்டி எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். வண்டியின் முதல் பில் தேதியை வைத்து அதில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் பேட்டரி ஆரோக்கிய ரிப்போர்ட் எடுத்துவரச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், டோக்கன் அட்வான்ஸைப் பையிலிருந்து எடுக்காமலே கிளம்பிவிடலாம்.